யார் பக்கத்தில் உட்கார ஆசை?

சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. பள்ளி விட்ட பிற்பகலில் அங்கே போனால், ஒரே வகுப்பறைக்குள் நாலைந்து விதமான சீருடைகள் நுழைவதைப் பார்க்கலாம். தங்கள் பள்ளியில் தமிழ்ப் பாடம் நடத்தப்படாத பிள்ளைகள் பல வட்டாரங்களிலிருந்து அங்கே வந்து படிக்கிறார்கள். சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காடு. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாக 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் 2.5 விழுக்காடுதான். எனவே காலையில் தன் சொந்த வகுப்பில் அந்தப் பிள்ளை ஒரே தமிழ்ப் பிள்ளையாக இருக்கலாம். மிஞ்சினால் இரண்டு மூன்று பேரில் ஒருவர். பிற்பகலில் அறை முழுக்கத் தமிழ்ப் பிள்ளைகள்.

தமிழ் ஆசிரியர்களும் பெற்றோரும் பேசிக்கொள்ளும்போது ஒரு வியப்பு அடிக்கடி எட்டிப்பார்க்கும். பள்ளியில் வாயே திறக்காத பிள்ளை என்று வகுப்பாசிரியர் சொன்ன பெண், தமிழ் வகுப்பில் பேச்சை நிறுத்த மாட்டேன் என்கிறாள். சிரிப்பும் கேலியும் பக்கத்து மேசைவரை போகின்றன. பெற்றோருக்கு உடனே கவலை: இதில் எது அசல்? பள்ளியில் அவளை யாராவது அடக்கிவைக்கிறார்களா, இல்லை இங்கே வந்து நடிக்கிறாளா? சக வயதுப் பிள்ளைகளின் உறவைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகள் இதற்கு ஓரளவு தெளிவாகவே பதில் சொல்கின்றன. அந்தப் பதில் பிள்ளையைப் பற்றியதைவிடப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பற்றியது.

இந்த ஆய்வுகளின் முன்னோடி ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர். வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1932இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரில், பெண் பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். வழக்கத்தைவிட மிக அதிகம். நிர்வாகம் ஒவ்வொரு பெண்ணின் குணத்திலும் காரணம் தேடியிருக்கும். மொரேனோ, யாருக்கு யாரோடு இருக்கப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று அங்கிருந்தவர்களைக் கேட்டு, பெயர்களைப் புள்ளிகளாகவும் விருப்பத்தைக் கோடுகளாகவும் வரைந்தார். ஓடிப்போனவர்கள் அந்த வலையில் ஒருவரோடொருவர் இணைந்திருந்த இடம் தாளில் தெரிந்தது. ஓடும் எண்ணம் அந்தக் கோடுகள் வழியாகப் பரவியிருந்தது. 1934இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். ‘யார் பக்கத்தில் உட்கார ஆசை?’ என்று வகுப்பில் கேட்டு வரைபடம் போடும் பழக்கம் அங்கிருந்துதான் பள்ளிகளுக்கு வந்தது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982இல், உளவியலாளர்கள் ஜான் கோய், கென்னத் டாட்ஜ் முதலியோர் அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்தார்கள். உனக்கு மிகவும் பிடித்த மூன்று பேர் யார்? பிடிக்காத மூன்று பேர் யார்? வகுப்பின் பதில்களை எண்ணிப் பார்த்தபோது, பலருக்குப் பிடித்தவர்கள், பலர் விலக்கியவர்கள், சிலருக்கு ரொம்பப் பிடித்தும் சிலருக்குப் பிடிக்காமலும் போனவர்கள், நடுவில் நிற்பவர்கள் என்று வகுப்பு பிரிந்தது. ஐந்தாவதாக ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் பெயரைப் பிடித்தவர் பட்டியலிலும் யாரும் எழுதவில்லை, பிடிக்காதவர் பட்டியலிலும் எழுதவில்லை. வகுப்பு அவர்களைக் கவனிக்கவே இல்லை.

விலக்கப்பட்ட பிள்ளையும் கவனிக்கப்படாத பிள்ளையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். இருவருமே சிற்றுண்டிச்சாலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் இருவரின் எதிர்காலமும் வேறு. 1983இல் கோயும் ஜானிஸ் குபர்ஸ்மிட்டும் நான்காம் வகுப்புப் பையன்களை நால்வர் நால்வராகச் சேர்த்து, ஆறு வாரம் விளையாடவிட்டார்கள். சில குழுக்களில் எல்லாரும் ஒரே வகுப்பு. சிலவற்றில் நால்வரும் வெவ்வேறு பள்ளி, ஒருவரையொருவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை. தன் வகுப்பில் விலக்கப்பட்ட பையன், முன்பின் தெரியாத குழுவிலும் மூன்று சந்திப்புகளுக்குள் விலக்கப்பட்டான். கவனிக்கப்படாத பையனோ புதுக் குழுவில் வேறு ஆளாக மாறினான். கலகலப்பாகப் பழகினான், மற்றவர்கள் கண்ணில் பட்டான்.

பீட்டி சாலை வகுப்பில் பேச்சை நிறுத்தாத அந்தப் பெண்ணுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். காலை வகுப்பில் அவளை யாரும் வெறுக்கவில்லை. அவளுக்கென்று ஒரு மூலை அங்கே அமையவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது கூட்டம் கிடைத்ததும் அவளால் முடிந்தது வெளியே வந்துவிட்டது. இரண்டு முகமும் அவளுடையதுதான். ஆகவே வாயடைத்துப் போன பிள்ளையைப் பார்த்து ‘கூச்ச சுபாவம்’ என்று முத்திரை குத்தும் முன், அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் வகுப்பு, அக்கம்பக்கத்துக் காற்பந்துக் குழு, இணைப்பாட நடவடிக்கையில் இந்திய நடனம், கோவில் திருமுறை வகுப்பு, பள்ளிவாசல் வகுப்பு, எதுவானாலும் சரி.

விலக்கப்படும் பிள்ளையின் கதை கடினமானது. போகுமிடமெல்லாம் அது கூடவே வருகிறது. ஏன் வருகிறது என்பதற்கு இடைவேளையில் அரைமணி நேரம் நின்று பார்த்தாலே விடை கிடைக்கும். நாலு பையன்கள் ‘கேட்சிங்’ ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். சேர விரும்பும் ஒருவன் வருகிறான். ஓரமாக நின்று கொஞ்சநேரம் பார்க்கிறான். யார் துரத்துகிறார்கள், எந்தத் தூணைத் தொட்டால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் அவனுக்குப் பிடிபடுகிறது. பிறகு, ‘அங்க ஒளிஞ்சிருக்கான், பாரு!’ என்று கத்துகிறான். அடுத்த நிமிடம் அவனும் ஓடுகிறான். யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இன்னொருவன் வருகிறான். வந்ததுமே, ‘நான் போன வாரம் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போனேன், தெரியுமா? இது ஒரு விளையாட்டா? வேற விளையாடலாம்’ என்கிறான். யாரும் காது கொடுக்கவில்லை. ஒருவனின் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். ‘ஐ டோன்ட் ஃப்ரெண்ட் யூ’ என்ற சிங்கப்பூர்த் தீர்ப்பு உடனே வந்து விழுகிறது.

மார்த்தா புட்டல்லாஸும் ஜான் காட்மனும் 1981இல் ஆய்வுக்கூடத்தில் கண்டது ஏறக்குறைய இதுதான். எல்லாருக்கும் பிடித்த பிள்ளைகள் நடந்துகொண்டிருக்கும் விளையாட்டுக்குள் நுழைகிறார்கள். விலக்கப்படும் பிள்ளைகள் விளையாட்டைத் தங்கள் பக்கம் திருப்பப் பார்க்கிறார்கள். தங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், குறை சொல்கிறார்கள். டாட்ஜ் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். சிற்றுண்டிச்சாலையில் ஒருவன் தட்டோடு திரும்பும்போது முழங்கை பட்டு உங்கள் மைலோ சட்டையில் கொட்டிவிட்டது. வேண்டுமென்றே செய்தானா, தெரியாமலா? பெரும்பாலான பிள்ளைகள் ‘தெரியாம பட்டிருக்கும்’ என்று விட்டுவிடுவார்கள். பலமுறை விலக்கப்பட்டு, அடிக்கு அடி என்று பழகிவிட்ட பிள்ளைக்கு அது வேண்டுமென்றே செய்த காரியமாகவே படுகிறது. அவன் தள்ளுகிறான். தள்ளியதால் மறுபடியும் விலக்கப்படுகிறான். முதலில் எது வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இரண்டும் பின்னிக்கொண்டுவிடுகின்றன.

இதைப் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, தப்பு அந்தப் பையனிடம்தான்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பத்து வயதில் ஒரு கூட்டத்துக்குள் நுழையத் தெரியாமல் இருப்பது, பெருக்கல் தெரியாமல் இருப்பதைவிடப் பெரிய குற்றமல்ல. கற்றுக்கொடுக்கக்கூடியதும்கூட. ஷெர்ரி ஓடனும் ஸ்டீவன் ஆஷரும் 1977இல் வகுப்பில் ஒதுங்கிக்கிடந்த சிறுபிள்ளைகளுக்குத் தனியே பயிற்சி கொடுத்தார்கள். எப்படிச் சேர்ந்து விளையாடுவது, எப்படி முறை வைத்துக்கொள்வது, எதிராளி சொல்வதைக் கேட்பது, ஒரு நல்ல வார்த்தை சொல்வது, இவ்வளவுதான் பாடம். மற்ற பிள்ளைகள் அவர்களோடு விளையாட விரும்புவது கூடியது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்தது. கணக்குக்கும் அறிவியலுக்கும் துணைப்பாடம் தேடி அலையும் நம் ஊரில் இந்தப் பாடத்துக்கு ஆள் தேடியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

பதின்ம வயதுக்கு வந்ததும் கணக்கு மாறுகிறது. அதுவரை ‘எல்லாருக்கும் பிடித்தவன்’ என்பதும் ‘வகுப்பில் பெயர்பெற்றவன்’ என்பதும் ஏறத்தாழ ஒரே ஆளைக் குறிக்கும். உயர்நிலைப்பள்ளியில் இரண்டும் பிரிகின்றன. எல்லாரும் பார்க்கிற, எல்லாரும் பின்பற்றுகிற, கொஞ்சம் பயப்படவும் செய்கிற பிள்ளைக்குச் செல்வாக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளையை எத்தனை பேருக்கு உண்மையிலேயே பிடிக்கும் என்று கேட்டால் எண்ணிக்கை சட்டென்று இறங்கும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆலனின் குழு 13 வயதுப் பிள்ளைகளை 23 வயதுவரை தொடர்ந்து கவனித்தது. வயதை மீறிய காதலும் சின்னச் சின்ன அத்துமீறல்களுமாக வகுப்பையே தன் பக்கம் இழுத்தவர்களின் செல்வாக்கு பள்ளி முடிவதற்குள் கரைந்துவிட்டது. 22, 23 வயதில் மதுவாலும் சட்டச் சிக்கலாலும் கூடுதலாக அவதிப்பட்டவர்கள் அவர்களே. அதே குழுவைச் சேர்ந்த ரேச்சல் நார் 2017இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 15, 16 வயதில் ஆழமான நெருங்கிய நட்பு வைத்திருந்தவர்களுக்கு 25 வயதில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. பரவலான செல்வாக்கு மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. கூட்டத்தில் பழகும்போது எழும் பதற்றம் கூடவே செய்தது.

பகடிவதைக்கு ஆளாகும் பிள்ளைக்கும் ஒரே ஒரு நண்பர் அரணாக நிற்க முடியும். கனடாவில் எர்னஸ்ட் ஹோட்ஜஸ் முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பகடிவதை கவலையையும் ஒடுங்கிப்போவதையும் ஓராண்டுக்குள் அதிகமாக்கியது. இருவருமே ஒருவரையொருவர் உற்ற நண்பராகச் சொன்னவர்களிடம் மட்டும் அந்த ஏற்றம் காணப்படவில்லை. இருவரும் பரஸ்பரம் சொல்லவேண்டும் என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. பிறந்தநாளுக்கு முப்பது பேரை அழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்கலாம்.

சிங்கப்பூரில் இது ஏன் அவசரமான விஷயம் என்பதைச் சில எண்கள் காட்டும். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 2018 பிசா ஆய்வில், மாதம் சில முறையாவது பகடிவதைக்கு ஆளானதாகச் சொன்ன 15 வயது மாணவர்கள் இங்கே 26 விழுக்காடு; வளர்ந்த நாடுகளின் சராசரி 23. தோற்கும்போது மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கவலைப்படுவதாகச் சொன்னவர்கள் 72 விழுக்காடு, சராசரி 56. கல்வி அமைச்சு 2024இல் தந்த கணக்கு வேறு. பள்ளிகளின் கவனத்துக்கு வந்த சம்பவங்கள், தொடக்கப்பள்ளியில் ஆண்டுக்கு 1,000 மாணவருக்கு 2, உயர்நிலைப்பள்ளியில் 6. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் பிள்ளை மனத்தில் பதிவதற்கும் ஆசிரியர் மேசைக்கு வருவதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பது தெரிகிறது.

அந்தப் பள்ளத்தில் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கும் சக மாணவர்கள். டொராண்டோவில் டெப்ரா பெப்லரும் வெண்டி கிரெய்கும் பிள்ளைகளின் உடையில் ஒலிவாங்கி பொருத்தி, விளையாட்டுத் திடலைத் தொலைவிலிருந்து படம் பிடித்தார்கள். பகடிவதைச் சம்பவங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில் மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். குறுக்கே புகுந்து தடுத்தவர்கள் குறைவு, ஐந்தில் ஒரு சம்பவத்தில்தான். தடுத்தபோதோ பாதிக்கும் மேற்பட்ட முறை பத்து விநாடிக்குள் பகடிவதை நின்றுவிட்டது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இப்போது சக மாணவர் ஆதரவு அமைப்புகள் வந்திருக்கின்றன. அவற்றில் பொறுப்பேற்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பத்து விநாடிக் கணக்கை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். பேச்சுத் திறனோ பெரிய துணிச்சலோ தேவைப்படாத உதவி அது.

யார் யாரோடு உட்காரலாம் என்பதை இங்கே நெடுங்காலம் தேர்வு மதிப்பெண்ணே முடிவு செய்தது. அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் 1979 அறிக்கைக்குப் பிறகு பிள்ளைகள் தரம்பிரிக்கப்பட்டார்கள். விரைவுநிலை, வழக்கநிலை ஏட்டுக்கல்வி, வழக்கநிலை தொழில்நுட்பம் என்று உயர்நிலைப்பள்ளி படிப்படியாகப் பிரிந்தது. அதன் பயனையும் சொல்லியாக வேண்டும். 1970களில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் உயர்நிலைப் படிப்பை முடிக்காமல் போனார்கள். இன்று அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் 12 வயதில் எழுதிய ஒரு தேர்வு, அடுத்த நான்கைந்து ஆண்டுகள் யாரோடு சாப்பிடுவாய், யாரோடு பேருந்து ஏறுவாய் என்பதையும் சேர்த்தே எழுதிவிட்டது. தொடக்கப்பள்ளியில் கடைசிப் பிரிவான இஎம்3இல் வைக்கப்பட்ட பிள்ளைகள் பட்ட அவமானத்தை ஜாக் நியோவின் ‘ஐ நாட் ஸ்டுப்பிட்’ திரைப்படம் 2002இல் ஊர் முழுக்கப் பேசவைத்தது. 2017இல் கொள்கை ஆய்வுக் கழகம் வெளியிட்ட ஆய்வு, சிங்கப்பூரர்களின் நட்பு வட்டத்தில் இனத்தையும் சமயத்தையும்விட வர்க்கமே ஆழமான கோடு போட்டிருப்பதைக் காட்டியது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருப்பவர்களுக்குத் தனியார் வீட்டில் வசிக்கும் நண்பர் சராசரியாக ஒருவர்கூட இல்லை. உயர்தரப் பள்ளி, மற்றப் பள்ளி என்ற பிரிவும் அப்படியே நட்பில் பதிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் போட்ட கோடு பெரியவர்களான பிறகும் அழியவில்லை.

2019 மார்ச்சில் அப்போதைய கல்வி அமைச்சர் ஓங் யி காங் இந்தப் பிரிவுகள் நீக்கப்படும் என்று அறிவித்தார். 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்கள் கலப்பு வகுப்புகளில் உட்கார்ந்தார்கள். ஆங்கிலம், கணக்கு போன்ற பாடங்களுக்கு ஜி1, ஜி2, ஜி3 என்று அவரவர் தரத்துக்குப் பிரிந்துபோகிறார்கள். கலை, இசை, உடற்கல்வி, உணவியல் போன்ற பாடங்களை, பாட நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, ஒன்றாகவே படிக்கிறார்கள். இது கல்விச் சீர்திருத்தமாகப் பேசப்படுகிறது. என் கண்ணுக்கு இது நாடு தழுவிய நட்புச் சோதனை. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே எச்சரித்தார்: இரு பிரிவினரை ஒரே அறையில் போட்டு அடைத்தால் மட்டும் பகை தேயாது. சம மதிப்பு, பொது இலக்கு, கூடிச் செய்யும் வேலை, மேலிடத்தின் ஆதரவு ஆகியவை வேண்டும். உணவியல் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து ஒரு அடுப்பில் சமைக்கும்போது இவை தாமாகவே அமைகின்றன. அதே நாலு பேரும் கணக்குப் பாடத்துக்கு எழுந்து மூன்று அறைகளுக்குப் பிரிந்துபோகும்போது, யார் எந்த அறைக்குப் போகிறார்கள் என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். இரண்டில் எது வலுவாகப் பதியப்போகிறது என்பது ஆசிரியர்கள் அந்த மூன்றில் ஒரு பங்கு நேரத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வெறும் அறிவிப்பு வாசிக்கும் நேரமாக அது கழிந்துவிடக் கூடாது.

தாய்மொழிப் பாடத்துக்கும் பிள்ளைகள் பிரிகிறார்கள். தமிழ் வகுப்பு நம் பிள்ளையைத் தனிமைப்படுத்துகிறதா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார நடுநிலைப் பள்ளிகளில் சாண்ட்ரா கிரகாம், யானா யூவோனன் இருவரும் நடத்திய ஆய்வுகள் இந்தக் கேள்விக்கு நெருக்கமானவை. எந்த இனமும் ஆதிக்கம் செலுத்தாத, பல இனங்கள் கலந்த வகுப்புகளில் பிள்ளைகள் கூடுதல் பாதுகாப்பாக உணர்ந்தார்கள், தனிமை குறைந்தது. வேறு இன நண்பர்கள் இருந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் அச்சம் குறைந்தது. தன் இன நண்பர்கள் இருந்த பிள்ளைகளுக்குத் தன் இனத்தைப் பற்றிய பெருமிதம் கூடியது. இரண்டும் இரண்டு வேலை செய்கின்றன. ஒன்றின் வேலையை மற்றது செய்வதில்லை. எனவே தமிழ் வகுப்பை விட்டுக்கொடுத்துப் பிள்ளையை ‘எல்லாரோடும்’ சேர்க்கலாம் என்ற எண்ணம் எனக்கு ஏற்புடையதல்ல. அதேபோல, இடைவேளை மேசையில் எப்போதும் இந்தியப் பிள்ளைகள் மட்டுமே கூடினால் அதையும் கவனிக்கத்தான் வேண்டும்.

2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கையிலும்கூட, திறன்பேசி பயன்படுத்த முடியாது. தனியாக இருக்கும் பிள்ளைக்குத் திறன்பேசி ஒரு மறைப்பாக இருந்தது. இனி மேசையில் தனியே இருப்பது பளிச்சென்று தெரியும். பள்ளிகள் பலகை விளையாட்டுகளையும் பந்துகளையும் நிறைய எடுத்து வைக்கட்டும். ஓரமாக நின்று பார்த்துவிட்டு நுழைய, நுழைவதற்கு ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆசிரியர் கையில் இன்னும் எளிய கருவி ஒன்று இருக்கிறது: இருக்கை வரிசை. மேரிலாந்தின் காவலர் பயிற்சிக் கல்லூரியில் அகரவரிசைப்படி உட்காரவைக்கப்பட்ட வயதுவந்த ஆட்களே, பெயரின் முதலெழுத்து நெருங்கியவர்களோடு நண்பர்களானார்கள் என்று 1974இல் ஓர் ஆய்வு கண்டது. நெதர்லாந்தில் யுவோன் வான் டென் பெர்க் முதலியோர் அதையே சிகிச்சையாகச் செய்து பார்த்தார்கள். ஐந்து, ஆறாம் வகுப்புகளில், ஒருவரையொருவர் பிடிக்காது என்று சொன்ன பிள்ளைகளைச் சில வாரங்கள் அருகருகே உட்காரவைத்தார்கள். சண்டை மூளும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பிடிக்காமை குறைந்தது. பீட்டி சாலையிலும் மற்றப் பள்ளிகளிலும் புதுத் தவணையில் இருக்கை மாற்றும் ஆசிரியர், பேசிக்கொண்டே இருக்கும் இருவரைப் பிரிப்பதற்காக மட்டும் மாற்றாமல், வகுப்பிடம் மொரேனோவின் கேள்வியை ரகசியமாக எழுதி வாங்கி, எவர் பெயரும் எழுதப்படாத பிள்ளை யார் என்று பார்த்துவிட்டு மாற்றலாம். ஒரு தாளும் பத்து நிமிடமும் போதும். பிடித்தவர் யார் என்பதை மட்டும் கேட்டாலே அந்தப் பெயர் தெரிந்துவிடும். பிடிக்காதவர் யார் என்று கேட்டுப் புண்படுத்த வேண்டியதில்லை.